பெல் அடித்த இடத்தில்தான் அணைக்க வேண்டும்

யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுவது நல்லது. பின்னால் யாராவது வந்து, "கண் காது மூக்கு வைத்துச் சொல்கிறார்கள்" என்று பேச இடம் கொடுக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியின் பெரிய கட்டடம், நான்காவது மாடி, டூட்டி ரூம். ஜன்னலோர மேஜையில் தலைமை நர்ஸ். அவரை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்பார்கள். அவர் தலைக்குப் பின்னால் சுவரில் பெல் பலகை. வாசல் பக்கம் ஸ்டூலில் லிஃப்ட்காரர், மடியில் லேப்டாப். மொட்டைமாடிக்குத் திறக்கும் சின்னக் கதவின் படியில், கால் உள்ளேயும் உடம்பு வெளியேயுமாகப் பெரிய சகலை. சின்ன சகலை அந்த அறையில் இல்லை. மைதானத்துக்கு அப்பால், புதுக் கட்டடத்தின் உச்சியில் இருந்தார். அவர் சார்பில் மேஜைமேல் ஒரு வாக்கி-டாக்கி உட்கார்ந்திருந்தது.

ஆக நான்கு பேர். நால்வரும் இன்றைக்கும் இருக்கிறார்கள். தனித்தனியாகக் கேட்டாலும் ஒன்றுபோலத்தான் சொல்வார்கள். சின்ன சகலை மட்டும் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்வார்.

அக்காவைக் கட்டியவர் பெரியவர். தங்கையைக் கட்டியவர் சின்னவர். இருவரும் கூட்டாகச் செய்யும் தொழில், கட்டடத்துக்குக் கட்டடம் வயர் இல்லாமல் நெட்வொர்க் கொடுப்பது. இந்தக் கூரையில் ஒரு டிஷ், அந்தக் கூரையில் ஒரு டிஷ். இரண்டும் முகத்துக்கு முகம் பார்த்துவிட்டால் நடுவில் ரோடு இருந்தால் என்ன, ஆறு இருந்தால் என்ன. குடோன், பள்ளிக்கூடம், தொழிற்சாலை என்று ஏறாத கூரை இல்லை. ஆனால் இந்த ஆஸ்பத்திரி வேலையை மட்டும் அவர்களே தேடிப்போய்க் கேட்டு வாங்கினார்கள். காரணம், அத்தை.

இருவருக்கும் ஒரே மாமியார். பக்கவாதம் வந்து வாய் போய்விட்டது, கை கால் போய்விட்டது. வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான் மிச்சம். ஒரு தட்டு தட்டினால் ஆமாம். இரண்டு தட்டினால் இல்லை. வீட்டில் வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ராத்திரி கட்டிலிலிருந்து விழுந்து, விடியும்வரை தரையிலேயே கிடந்தார். அடுத்த அறையில் நான்கு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கூப்பிட வாய் இல்லை. தட்டினால் சிமென்ட் தரையில் என்ன சத்தம் வரும்?

அதற்கப்புறம்தான் இந்த ஆஸ்பத்திரி. இங்கே அவர் விரலடியில் ஒரு பொத்தானைக் கட்டி வைத்தார்கள். அழுத்தினால் டூட்டி ரூம் பலகையில் சிவப்பு விளக்கு எரியும், பெல் அடிக்கும், ஆள் வரும். அத்தைக்கு மிஞ்சிய குரல் அதுதான்.

இப்போது அத்தை இருக்கும் வார்டை இடிக்கப் போகிறார்கள். மறுநாள் காலையில் பதினொரு நோயாளிகளைப் புதுக் கட்டடத்துக்கு மாற்ற வேண்டும். அங்கே ராத்திரிக்கு நர்ஸ் கிடையாது, கீழே ஒரு வாட்ச்மேன் மட்டும். பெல் இங்கேதான் கேட்க வேண்டும், இங்கிருந்துதான் ஆள் ஓட வேண்டும். மைதானத்துக்கு அடியில் ஆக்ஸிஜன் குழாய் போவதால் தோண்டி வயர் பதிக்க முடியாது. அதனால்தான் டிஷ்.

பெரிய சிஸ்டர் அன்றைக்குக் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். "தம்பி, பெல் கேக்காத இடத்துல என் பேஷன்ட்டைப் படுக்க வைக்க மாட்டேன். இன்னிக்கு வேலை முடியலைன்னா பதினொரு பேரையும் அவங்கவங்க வீட்டுக்கு அனுப்பிடுவேன். அதுல உங்க அத்தையும் உண்டு."

வீடு என்றதும் பெரிய சகலைக்கு அந்தச் சிமென்ட் தரைதான் கண்ணுக்குள் வந்தது.

டிஷ் திருப்புகிற வேலையில் ஒரு முறை இருக்கிறது. திருப்புகிறவர் திரையைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கைக்கு ஆசை வந்துவிடும். ஒருவர் திருப்ப, இன்னொருவர் எண்ணைப் படிக்க வேண்டும். எண் குறையக் குறைய இணைப்பு நல்லது. பெரிய சகலை லிஃப்ட்காரரைப் படிக்க உட்கார வைத்திருந்தார்.

"எழுபத்தொண்ணு... அறுபத்தெட்டு... சார், இது ஏறணுமா இறங்கணுமா?"

"இறங்கணும்ணே."

"என் லிஃப்ட்டும் அப்படித்தான் சார். இறங்கும்போது தங்கம். ஏறும்போதுதான் நடுவுல நின்னு பிரச்சினை பண்ணும்."

பெரிய சிஸ்டர்கூடச் சிரித்தார். அந்த அறையில் அன்று கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

தூரத்தையும் டிஷ்ஷின் அளவையும் வைத்துக் பெரிய சகலை காலையிலேயே கணக்குப் போட்டிருந்தார். எல்லாம் கச்சிதமாக அமைந்தால் ஐம்பத்தைந்து வரும். அதற்குக் கீழே வராது. வர வழியில்லை. இன்னொன்றும் அவருக்குத் தெரியும். நேர்க்கோட்டை நெருங்கும்போது முதலில் ஒரு பொய் உச்சி வரும். அதைத் தாண்டி ஒரு பள்ளம். அதற்கப்புறம்தான் நிஜ உச்சி. தொழிலுக்குப் புதியவர்கள் பொய் உச்சியிலேயே போல்ட்டை முறுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மறுநாள் போன் வரும்.

இருபது வருஷம் கூரை ஏறியவர் அந்தத் தப்பைச் செய்தார். ஏனென்றால், பொய் உச்சி எப்போதும் நிஜத்தைவிடப் பலவீனமாக இருக்கும். இது அப்படி இல்லை.

"ஐம்பது... நாப்பத்திநாலு... முப்பத்தெட்டு சார்!"

"என்னது?"

"முப்பத்தெட்டு. அசையாம நிக்குது."

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. மறுயோசனை இல்லாமல் போல்ட்டை முறுக்கினார். மணி ஆறு நாற்பது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வாக்கி-டாக்கியை எடுத்தார்.

"யோவ் சகலை, முப்பத்தெட்டு வருதுய்யா. அத்தை ராசி!"

அந்தப் பக்கம் இரைச்சல். பிறகு சின்ன சகலையின் குரல்.

"எது முப்பத்தெட்டு?"

"சிக்னல்தான். வேறென்ன, உன் இடுப்பளவா?"

"சகலை, விளையாடாதே. இங்க இன்னும் கரண்டே வரல. எலக்ட்ரீஷியன் கீழ ஃபியூஸ் மாட்டிக்கிட்டு இருக்கான்."

"சரி, டிஷ்ஷு?"

"அட்டைப்பெட்டியில இருக்கு. பெட்டி மேலதான் நான் உக்காந்திருக்கேன்."

பெரிய சகலை லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். முப்பத்தெட்டு. இணைப்பு உண்டு என்று பச்சையாகக் காட்டியது. அந்த டிஷ்கள் ஜோடி ஜோடியாக வேலை செய்பவை. ஒன்று தன் ஜோடியோடு மட்டும்தான் பேசும். ஜோடிக்கான கடவுச்சொல்லை அன்று காலை தன் கையால் போட்டவர் அவர். இன்னொருவருக்குத் தெரியாது.

அப்படியானால் எதோடு பேசிக்கொண்டிருக்கிறது?

மொட்டைமாடிக்குப் போய், டிஷ்ஷின் முதுகோடு கன்னத்தை ஒட்டி, அது பார்க்கும் திசையில் பார்த்தார்.

அது புதுக் கட்டடத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சம் இடது பக்கம் தள்ளி... மைதானத்தின் ஓரத்தில் நின்ற பழைய வார்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது மாடி. நடு ஜன்னல்.

அந்தக் கட்டடத்தை மூடிப் பல வருஷம் ஆகிறது. கரண்டை அறுத்திருந்தார்கள். ஜன்னல்களில் கண்ணாடி இல்லை.

"அங்க ஏதாவது மெஷின் வெச்சிருக்கீங்களா சிஸ்டர்?"

பெரிய சிஸ்டர் வாயைத் திறந்தார். அவர் பேசுவதற்குள்...

டிங்.

...டிங்.

...டிங்.

எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். அது பழைய பலகை. மேல் வரிசைகள் இந்தக் கட்டடத்து வார்டுகளுக்கு. நடு வரிசையில் பதினொன்றுக்குப் புதிதாகச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். கீழ் வரிசையில் பெயர்களைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். காலையில் பலகையைத் திறந்தபோது பெரிய சகலையே பார்த்திருந்தார், கீழ் வரிசைக்குப் பின்னால் வயரே இல்லை.

கீழ் வரிசையில் மூன்றாவது விளக்கு எரிந்தது.

பெரிய சகலை ஓடிப்போய் டிஷ்ஷின் வயரைப் பிடுங்கினார்.

டிங். ...டிங்.

"பலகையை ஆஃப் பண்ணுங்க சிஸ்டர்."

"முடியாது. இதுல நாப்பது பேர் இருக்காங்க."

"இந்த ஒண்ணை மட்டும்?"

"இங்க அணைக்க ஸ்விட்சே கிடையாது தம்பி. இந்த ஆஸ்பத்திரியில பெல்லை அடிச்ச இடத்துலதான் அணைக்கணும். கட்டில் பக்கத்துல, சுவத்துல வெள்ளைப் பொத்தான் இருக்கும். நர்ஸ் நேர்ல போய் அதை அமுத்தணும். அது ரூல்."

"அடிச்ச இடம்னா..."

பெரிய சிஸ்டர் ஜன்னல் வழியே பழைய வார்டைப் பார்த்தார்.

லிஃப்ட்காரர் ஸ்டூலை விட்டு எழுந்து சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். "என்னைப் போகச் சொல்லாதீங்க சார். என் கால் வராது."

"இது நிக்காம, வேலை முடிஞ்சதுன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார் பெரிய சிஸ்டர். "இது அடிச்சுக்கிட்டிருந்தா உங்க அத்தை பெல் அடிக்கறது எனக்கு எப்படிக் கேக்கும்?"

பெரிய சகலை டார்ச்சை எடுத்தார். அங்கே யாரோ பழைய பேட்டரிப் பெட்டி எதையோ மறந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மேஜைமேல் இருந்த வாக்கி-டாக்கியைப் பெரிய சிஸ்டரிடம் விட்டுவிட்டு, பையிலிருந்த இன்னொன்றை இடுப்பில் சொருகினார். போனில் சிக்னல் பார்க்கும் திரையைத் திறந்துகொண்டார். சிக்னலின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. எண் மட்டும் இருந்தது.

மைதானத்தில் எழுபது.

பக்கவாட்டுக் கதவு கீலோடு சாய்ந்து கிடந்தது. நுழைந்தபோது அறுபது. மணி ஏழு ஐந்து.

முதல் மாடியில் ஐம்பத்திரண்டு. சுவர்கள் கூரைவரை கறுத்திருந்தன. மழைத் தண்ணீர் இறங்கிய பாசி என்று நினைத்துக்கொண்டார். கையை வைத்துப் பார்த்தார். பாசி வழுக்கும். இது வழுக்கவில்லை. கையோடு வந்தது.

இரண்டாவது மாடியில் நாற்பது.

மூன்றாவது மாடி. ஒரே நீள அறை. கட்டில்கள் இல்லை. தரையெல்லாம் கணுக்கால் அளவு தூசி. டார்ச்சைச் சுழற்றினார். சுவர் நெடுக, ஆள் படுக்கிற இடைவெளி விட்டு, பொத்தான் பலகைகள். எல்லாவற்றிலும் வயரை அறுத்துத் தொங்கவிட்டிருந்தார்கள்.

பேட்டரிப் பெட்டி எதுவும் இல்லை.

நடந்தார். இருபத்தைந்து. இன்னும் இரண்டு எட்டு. பன்னிரண்டு.

கோடியிலிருந்து மூன்றாவது பொத்தான் பலகை. போனைப் பார்த்தார்.

பூஜ்யம்.

அந்த எண் வரவே வராது. எந்த டிஷ்ஷுக்கும் வராது. நடுவில் தூரம் என்று ஒன்று இருக்கும்வரை வராது.

டார்ச்சைக் கீழே இறக்கினார். அந்தப் பலகைக்கு நேர் கீழே, தரையில், கட்டில் அளவுக்கு...

தூசியே இல்லை.

வெள்ளைப் பொத்தான் மேல் விரலை வைத்தார்.

சூடாக இருந்தது.

எரிகிற சூடு இல்லை. அப்போதுதான் யாரோ விரலை எடுத்தால் இருக்குமே... அந்தச் சூடு.

அழுத்தினார்.

டக்.

இடுப்பில் வாக்கி-டாக்கி கரகரத்தது. பெரிய சிஸ்டர். "தம்பி... நின்னுடுச்சு."

மூச்சு விட்டார்.

அப்போது பக்கத்துப் பலகையில்...

டக்.

அதற்கடுத்ததில்.

டக்.

சுவரோடு சுவராக... ஒவ்வொன்றாக... வாசலை நோக்கி...

டக். ...டக். ...டக்.

எத்தனை என்று அவர் எண்ணவில்லை. படியில் எப்படி இறங்கினார் என்பதும் தெரியாது. மைதானத்தில் பாதி தூரம் ஓடியபோது மறுபடி கரகரப்பு. சின்ன சகலை.

"சகலை, நீதானே ஓடறது?"

"ஆமா."

"பின்னாடி வர்றது யாரு?"

"...யாரு?"

"உன் பின்னாடிதான். ஆஸ்பத்திரி ஆளுங்களா? மெதுவா வராங்க. ஏன் எல்லாரும் அப்படி... கைத்தாங்கலா நடக்கறாங்க?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதை இன்னும் சின்னதாக முடிந்திருக்கும் என்பார்.

"சகலை."

"சொல்லுய்யா!"

"உன் பின்னாடி வரல. திரும்பிட்டாங்க..."

"எங்க?"

"இங்க வராங்க."

புதுக் கட்டடத்துக்கு ஒரே வாசல். வாசலிலேயே உட்கார்ந்து எலக்ட்ரீஷியன் ஃபியூஸ் மாட்டிக்கொண்டிருந்தான். வாட்ச்மேன் பக்கத்தில் நின்று அவனுக்கு டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். யாரும் உள்ளே வரவில்லை என்று இருவரும் சொன்னார்கள்.

அடுத்த நிமிஷம் கரண்ட் வந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதுதான் வேடிக்கை. வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கலாம். போனால் அத்தை வீட்டுக்கு வர வேண்டும். இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி டிஷ்ஷைத் திருப்பினார்கள். ஐம்பத்தாறு வந்தது, கணக்குப் பிசகாமல். பதினொரு பெல்லையும் சின்ன சகலை ஒவ்வொன்றாக அழுத்தினார். நடு வரிசையில் பதினொரு விளக்கும் எரிந்தன. கீழ் வரிசை இருட்டாகவே இருந்தது. பெரிய சிஸ்டர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அத்தையை மாற்றினார்கள். விரலடியில் பொத்தானைப் பெரிய சகலையே கட்டினார். "அமுத்துங்க அத்தை, பாப்போம்." அழுத்தினார். மூச்சு வாங்க ஒரு நர்ஸ் ஓடி வந்து, சுவரில் வெள்ளைப் பொத்தானை அமுக்கினாள். அத்தையின் கண் ஓரத்தில் தண்ணீர் வந்தது. சகலைகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி, வேறெதையோ பார்ப்பது போல நின்றார்கள்.

அந்த வாரக் கடைசியில் பெரிய சிஸ்டரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, ராத்திரி அத்தைக்குத் துணையா யாரையாவது விட்டிருக்கீங்களா? அதுக்கு அனுமதி கிடையாது."

"இல்லையே சிஸ்டர்."

"பின்ன யாரு? பெல் அடிக்குது. எங்க நர்ஸ் பொண்ணு ஓடறா. அவ மைதானத்தைத் தாண்டறதுக்குள்ள பெல் அணைஞ்சுடுது. போய்ப் பார்த்தா உங்க அத்தையைப் புரட்டிப் படுக்க வெச்சிருக்கு. போர்வையை நாலு மூலையும் இழுத்து மடிச்சு விட்டிருக்கு. உதடு ஈரமா இருக்கு. அஞ்சு ராத்திரியா இதே கதை. பொண்ணுங்க பயந்துக்கிட்டு டூட்டிக்கு வர மாட்டேங்குறாங்க. சூப்பரின்டென்டென்ட்கிட்ட எழுதிக் கொடுத்துட்டேன். உங்க மெஷினைப் பாருங்க."

பார்த்தார்கள். மெஷினில் ஒரு குறையும் இல்லை. பெல்லை அணைத்தது அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த வெள்ளைப் பொத்தான்தான். கையால் அழுத்தாமல் அது அணையாது.

பட்டப்பகல், பதினொரு மணி. ஜன்னல் நிறைய வெயில். இரண்டு சகலைகளும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

"அத்தை, ராத்திரி பெல் அடிச்சா யாராவது வராங்களா?"

விரல் ஒரு முறை தட்டியது.

"நர்ஸ் பொண்ணா?"

இரண்டு.

"வாட்ச்மேனா?" என்றார் சின்னவர்.

இரண்டு.

"நம்ம வீட்டு ஆளுங்களா?" என்றார் பெரியவர்.

அத்தை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு.

"எத்தனை பேர் அத்தை வராங்க?"

அதற்கு ஆமாம் இல்லை என்று பதில் சொல்ல முடியாது. பெரியவர் வாய் தவறிக் கேட்டுவிட்டார். ஆனால் விரல் தட்ட ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று... மெதுவாக, ஒவ்வொருவர் முகத்தையும் நினைத்துப் பார்த்துத் தட்டுவது போல... ஒன்பது. அதோடு நின்றது.

"ஒன்பது பேர் நிக்க இந்த ரூம்ல ஏது இடம்..." என்றார் சின்னவர். சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

பெரிய கட்டடத்துக்கு வந்து லிஃப்ட்டில் ஏறினார்கள். லிஃப்ட்காரரும் அவர்களும் மட்டும். பெரிய சகலைதான் கேட்டார்.

"அண்ணே, அன்னிக்கு உங்க கால் ஏன் வரல?"

அவர் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் முன்னாடி பழைய வார்டுல வார்டு பாய் சார். ஒரு ராத்திரி எனக்கு லீவு. அன்னிக்கு மூணாவது மாடி பெல் எல்லாம் இங்க ஒண்ணா அடிச்சிருக்கு. எல்லாம் ஒரே நேரத்துல அடிக்கவும், லைன் கோளாறுன்னு நினைச்சு பலகையிலயே அணைச்சுட்டாங்க. அப்பல்லாம் இங்கயே அணைக்கலாம் சார்."

"அப்புறம்?"

"புகை சார். ஒருத்தராலயும் எழுந்து நடக்க முடியாது. பெல்லை மட்டும் அமுத்திக்கிட்டே இருந்திருக்காங்க. அதுக்கப்புறம்தான் அந்த ரூலு."

"எத்தனை பேருண்ணே?"

"ஒன்பது."

நான்காவது மாடி வந்தது. கதவு திறந்தது. யாரும் வெளியே போகவில்லை.

"கடைசி வரைக்கும் யாருமே போகலையா?" என்றார் சின்னவர்.

லிஃப்ட்காரர் முதல் முறையாகத் திரும்பிப் பெரிய சகலையைப் பார்த்தார்.

"இவரு போனாரே சார். இவ்வளவு வருஷத்துல, அவங்க பெல்லுக்குன்னு போன முதல் ஆளு இவருதான்."

அன்று மாலையே பெரிய சகலை முடிவெடுத்துவிட்டார். டிஷ்ஷைக் கழற்ற முடியாது, மற்றப் பத்துப் பேருக்கும் பெல் வேண்டும். அத்தையை வீட்டுக்குக் கூட்டிப் போவது ஒன்றுதான் வழி. அதற்குச் சூப்பரின்டென்டென்ட்டுக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். மகள்கள் கையெழுத்து, நினைவோடு இருந்தால் நோயாளியின் கைநாட்டு. ஓரம் மடித்து, வரி பிசகாமல் எழுதினார். அக்காவும் தங்கையும் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் நான்கு பேருமாக மை டப்பாவோடு அத்தை முன்னால் போய் நின்றார்கள்.

"அத்தை, வீட்டுக்குப் போயிடலாம். இனிமே நான் உங்க கட்டில் பக்கத்துலயே படுத்துக்கறேன். சரியா?"

விரல் தட்டியது. ஒன்று...

இரண்டு.

"இங்க ராத்திரி பயமா இல்லையா... இருங்க, நேரா கேக்கறேன். பயமா இருக்கா அத்தை?"

இரண்டு.

மூத்த மகள் முன்னால் வந்து அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, நாங்க பாத்துக்க மாட்டோமா?"

பிடியைத் தளர்த்திவிட்டுக் காத்திருந்தாள். நால்வரும் காத்திருந்தார்கள்.

விரல் அசையவில்லை. ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை.

மகள் வெளியே போய்விட்டாள். தங்கை பின்னாலேயே போனாள். பெரிய சகலை அந்த விண்ணப்பத்தை நான்காகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்து, வேறொன்று எழுதினார்.

சின்ன சகலை தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "சகலை... நல்லா யோசிச்சுட்டியா?"

"நான் யோசிச்சு என்னய்யா ஆகப்போகுது? அவங்க யோசிச்சுட்டாங்க."

கடிதம் சின்னது. ஐயா, எங்கள் மாமியாரை இப்போது இருக்கும் அதே கட்டிலிலேயே வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அவருடைய பெல்லையோ, சுவரில் உள்ள பொத்தானையோ மாற்ற வேண்டாம். இரவில் நர்ஸ் வருவதற்கு முன்பே பெல் அணைந்துவிடுவது குறித்து எங்களுக்குப் புகார் எதுவும் இல்லை. இப்படிக்கு.

கைநாட்டு வைக்க மறுபடி உள்ளே போனபோது அத்தை விரலைத் தயாராக நீட்டி வைத்திருந்தார்.

மகள்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார்கள். பெரிய சகலை மை காயும்வரை ஊதினார். மூன்றாக மடித்துக் கவரில் போட்டார். பசையை நாக்கால் தடவி ஒட்டி, ஓரங்களை நகத்தால் இரண்டு முறை அழுத்தினார். பெரிய கட்டடத்துக்கு நடந்துபோய், நான்காவது மாடியில் லிஃப்ட்காரர் கையில் கொடுத்தார்.

அவர் கவரை வாங்கிக்கொண்டார். லிஃப்ட்டின் கதவு சாத்திக்கொண்டது. சூப்பரின்டென்டென்ட் அறை இருக்கும் கீழ்த்தளத்துக்குக் கவர் இறங்கிப் போனது.